படிப்பகத்துக்குப் போன உபதேசியார்

உபதேசியார் அருமைநாயகம் ஒரு வாரமாகப் போதகரம்மாவின் கண்ணில் படாமல் நழுவிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மத்தியானம், ஆலயத்தில் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாட்டிக்கொண்டார்.

போதகர் எப்சிபா அம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவரிடம்தான் அருமைநாயகம் ஊழியம் கற்றுக்கொண்டிருந்தார்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அருமைநாயகத்துக்குத்தான் தாங்கவில்லை.

“சாராளும் வீட்டுக்காரரும் இனி வருவாங்களாம்மா?”

நடந்தது இதுதான். சாராள் பிறந்து வளர்ந்தது இந்தச் சபையில். அவள் கணவர் இளமாறன் கடவுள் இல்லை என்பவர். ஞாயிறுதோறும் மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். ஆராதனை முடியும்வரை வெளியே புங்கமரத்தடியில் பேப்பர் படிப்பார். உள்ளே எட்டிப் பார்த்தது கிடையாது.

போன ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. இளமாறன் நனைந்தபடி உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அருமைநாயகத்துக்கு அந்தச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அறிவிப்பு வாசிக்கிற நேரம் மைக்கைப் பிடித்து, “கர்த்தர் இன்றைக்கு விசுவாசத்துக்கு வெளியே இருந்த ஒரு புறஜாதியாரை நம் நடுவே கொண்டுவந்திருக்கிறார். சகோதரரே, எழுந்து நின்று உங்கள் பெயரைச் சொல்லுங்கள்” என்றார்.

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கைகூடத் தட்டினார்கள்.

இளமாறன் எழுந்தார். பெயரைச் சொல்லவில்லை. கொட்டுகிற மழையில் வெளியே நடந்தார். பின்னாலேயே சாராளும் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு போனாள்.

“சாயங்காலம் அவர் எங்க இருப்பாரு?” என்று கேட்டார் அம்மா.

“பகுத்தறிவுப் படிப்பகத்துல.”

“போய்ப் பேப்பர் படிச்சிட்டு வாங்க.”

“மன்னிப்புக் கேக்கவாம்மா?”

“பேப்பர் படிக்க.”

“அது நம்ம வீட்டுக்கே வருதே.”

“அங்க வர்றதைப் படிங்க.”

படிப்பக வாசலில் அருமைநாயகம் செருப்பைக் கழற்றினார். உள்ளே எல்லோரும் செருப்போடுதான் இருந்தார்கள். திரும்பிப் போய் மாட்டிக்கொள்ளவும் கூச்சமாக இருந்தது. கையிலிருந்த வேதப்புத்தகத்தைத் துணிப்பைக்குள் தள்ளினார். தள்ளியதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

எதிர்ச் சுவரில் ‘கடவுள் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. யாராவது எழுந்து நிற்கச் சொல்வார்கள், பெயரைக் கேட்பார்கள், சிரிப்பார்கள் என்று நினைத்து வாசலருகிலேயே நின்றார்.

இளமாறன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெஞ்சில் இடம்விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பேப்பரின் நடுத்தாளை உருவி நீட்டினார்.

அருமைநாயகம் உட்கார்ந்தார்.

அப்போது உள்ளே வந்த ஒருவர், “யாருண்ணே இது, வெள்ளையும் சொள்ளையுமா? எலெக்‌ஷன் வந்துட்டுதா?” என்றார்.

இளமாறன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நம்ம உபதேசியாருப்பா. டீ சொல்லு.”

அருமைநாயகத்துக்கு அதற்குப் பிறகு எழுத்து ஒன்றும் தெரியவில்லை. நடுத்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். டீ வந்ததும், “அன்னைக்கு நான்...” என்று ஆரம்பித்தார்.

“ஆறிடும், குடிங்க” என்றார் இளமாறன்.

திரும்பி வந்தபோது அம்மா இன்னும் ஆலயத்தில்தான் இருந்தார்.

“என்ன சொன்னாரு?”

“டீ சொன்னாரும்மா.”

அம்மா சிரிக்கவில்லை. “அப்புறம்?” என்றார்.

“எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. அடுத்தவங்க கேட்டதுக்கு, நம்ம உபதேசியாருன்னு...” அருமைநாயகம் துடைத்த பெஞ்சையே மறுபடி துடைத்தார்.

துணியை உதறிவிட்டுக் கேட்டார். “நாளைக்கு அவர் வந்தா, நான் என்னம்மா சொல்லட்டும்?”

“ஒண்ணும் சொல்லாதீங்க, உபதேசியாரே. பெஞ்சில கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”