கோமதிநாயகத்தின் முதல் பக்கம்

தூத்துக்குடியில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம். குரு பெனிட்டா, சீடர் கோமதிநாயகம். சீடருக்குக் குருவைவிடப் பத்து வயது கூடுதல். மருந்து விற்பனை வேலையை விட்டுவிட்டு, நாற்பதைத் தாண்டி நிரல் எழுத வந்தவர்.

இன்று கடலுக்குப் போகலாமா, காற்று எப்படி என்று மீனவர்கள் போனில் பார்ப்பதற்காக அவர் தனியாகச் செய்த முதல் இணையப் பக்கம் அது. பெரிய பெரிய தலைப்புகள், கீழே புள்ளி வைத்து வரிசையாகத் தகவல்கள். தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் காட்டியாகிவிட்டது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

மதியம் மீனவர் சங்கத்தார் பார்க்க வருவதாக இருந்தது.

"மேடம், பக்கத்தை அழகாக்க ரெடிமேடா கிடைக்குமே, ஸ்டைல் ஃபிரேம்வொர்க், அதுல ஒண்ணு சேத்துருவமா? பக்கம் இன்னும் ஜம்முனு இருக்கும்லா?"

"சேருங்க, அண்ணாச்சி."

சேர்த்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தார். பகீரென்றது. தலைப்புகள் சுருங்கிப் பொடி எழுத்தாகிவிட்டன. புள்ளிகளைக் காணோம். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"மேடம்! நான் பண்ணது எல்லாத்தையும் இது தொடச்சிட்டு!"

"தலைப்பு பெருசா இருந்துச்சே, அதை எங்க எழுதுனீங்க?"

கோமதிநாயகம், எழுத்தின் அளவும் நிறமும் எழுதி வைக்கும் தன் ஸ்டைல் கோப்பில் மேலும் கீழும் தேடினார். தலைப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"தலைப்புன்னுதான் போட்டேன். அதுவா பெருசா வந்துச்சு."

"யாரு குடுத்தா?"

"பிரவுசர்..."

"புள்ளி?"

"அதுவும்தான்."

"பிரவுசர் குடுத்ததை எல்லாம் கழட்டி வச்சிட்டுதான் ஃபிரேம்வொர்க் வேலையை ஆரம்பிக்கும்."

ஊரெல்லாம் காட்டித் திரிந்தது இரவல் நகையை. அவருக்கு அவமானமாக இருந்தது.

"அப்ப என்னுதுன்னு இதுல ஒண்ணுமே இல்லையா மேடம்?"

பெனிட்டா பக்கத்தைக் கீழே நகர்த்தினார். அங்கே ஒரு சிவப்புப் பட்டை, போட்டது போட்டபடி நின்றது. அதில் பெரிய வெள்ளை எழுத்து: 'இன்று கடலுக்குப் போகாதீர்கள்.' உச்சி வெயிலில் கடற்கரையில் நின்று, படகுக்காரர்களிடம் போனை நீட்டி, "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கேட்டுக் கேட்டுத் தேர்ந்தெடுத்த நிறம்.

"இதை ஏன் அது தொடல?"

"இது நான் எழுதுனது, மேடம்."

சொல்லும்போதே அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

வாசலில் சங்கத்து ஆட்கள் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. கோமதிநாயகம் பதறினார்.

"ஃபிரேம்வொர்க்கைத் தூக்கிட்டுப் பழைய பக்கத்தையே காட்டிருதேன்!"

"பட்டையைக் காட்டுங்க, அண்ணாச்சி," என்றார் பெனிட்டா. "மிச்சத்தை எழுதிக்கிட்டு இருக்கேன்னு சொல்லுங்க."