சாண மூட்டமும் நீலத் துணியும்

ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றங்கரை. அங்கே ரத்தம் குடிக்கும் ஒருவகை ஈ கடித்தால் தூக்க நோய் வரும். பகலெல்லாம் சொக்கிச் சொக்கி விழுந்து, கடைசியில் எழுந்திருக்காமலே போய்விடுவார்கள். ஒடோங்கின் மனைவி அப்படித்தான் போனாள். மகள் லாகேரை அவர் அப்போதே மேட்டு ஊருக்கு அனுப்பிவிட்டார்.

இப்போது லாகேருக்குக் கைக்குழந்தை. பிறந்த வீட்டுக்கு வந்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கரையில் பல வருஷமாக யாருக்கும் நோய் இல்லை. மருந்துக்காரர்கள் எல்லோருடைய ரத்தத்தையும் பார்த்துவிட்டார்கள். ஈயின் உடம்பில் நோய் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பாக்கி. ஈயைப் பிடித்துச் சோதிப்பவள் லாமுனு. அந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஒடோங் அவளிடம் சீடராகச் சேர்ந்தார். குரு அவரைவிட வெகு சின்னவள். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

நீலத் துணியில் தைத்த பொறியை ஆற்றோர நிழலில் தொங்கவிட்டால் ஈ வந்து விழும். ஒடோங் தொங்கவிட்டார். ஒரு வாரம் கழித்து, வெறும் பொறியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"ஒரு ஈகூட இல்லை டீச்சரம்மா. மகளை வரச் சொல்லட்டுமா?"

லாமுனு துணியை முகர்ந்து பார்த்தாள். புகை வாடை அடித்தது.

"பொறிக்குப் பக்கத்துல என்ன பண்ணினீங்க ஐயா?"

"சாண மூட்டம் போட்டேன். மாடு கட்டுற இடத்துல எல்லாம் போடுவோமே. ஈ அண்டக் கூடாதில்ல?"

லாமுனுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"விருந்துக்குக் கூப்பிட்டுட்டுக் கதவைச் சாத்திட்டீங்க."

மூட்டத்தை அணைத்தார்கள். மறுநாளே பொறி கருகருவென்று நிறைந்தது. ஒடோங்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இவ்வளவு ஈயா? அப்போ என் பேரப்பிள்ளை இங்கே வரவே முடியாதா?"

"நம்ம எல்லாரையும் கடிச்ச ஈ இது. நோய் மிச்சம் இருந்தா இது வயித்துல தெரியும். வரட்டும், நிறைய வரட்டும்."

மழைக்காலம் முழுக்க அவர் ஈயைக் கொண்டுவந்தார். அவள் ஒவ்வொன்றாகக் கீறி, நுண்ணோக்கிக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். மனைவியைக் கொண்டுபோன ஈயை, நசுங்காமல் பொத்திப் பொத்தி எடுத்துவர ஒடோங் பழகிக்கொண்டார். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

கடைசி ஈயையும் பார்த்துவிட்டு லாமுனு நிமிர்ந்தாள்.

"எதுலயும் இல்லை ஐயா. வரச் சொல்லுங்க."

ஒடோங் அழுதே விட்டார்.

"உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன்?"

அவள் ஈ டப்பாவைக் காட்டினாள். "இதுங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்க."

சொன்னார். அந்தக் கரையில் ஈக்கு நன்றி சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

லாகேர் குழந்தையோடு படகிலிருந்து இறங்கிய அன்று, ஒடோங் வாசலில் சாண வறட்டியைக் குவித்தார். தீக்குச்சியைக் கையில் எடுத்தவர் கிழிக்காமல் குருவைத் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, இனிமேலும் மூட்டம் போடணுமா?"

லாமுனு குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"போடுங்க ஐயா. ஈ கடிச்சா பிள்ளைக்கு வலிக்குமே."