முயல் விருந்து

ஓடைக்கு இந்தக் கரையில் முயல்கள் குடியிருந்தன. அந்தக் கரையில் சடைவால் என்ற நரி குடியிருந்தது. நடுவில் ஓடிய தண்ணீர் ஆழமாகவும் வேகமாகவும் இருந்ததால் இரண்டு தரப்பும் நல்ல அண்டை வீட்டுக்காரர்களாக இருந்தன.

சடைவாலுக்கு வயதாகிவிட்டது. முட்டி வலி வேறு. நத்தையைத் துரத்துவதென்றால்கூட ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் எழுந்திருக்கும். ஓடிப் பிடிக்க முடியாத முயலை எப்படி வரவழைத்துப் பிடிப்பது என்று ஒரு மழைக்காலம் முழுவதும் படுத்துக்கொண்டே யோசித்தது. மழை விட்டதும் எழுந்து ஒரு டியூஷன் ஆரம்பித்தது.

முயல் தாய்மார்களைக் கூப்பிட்டு ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே விவரம் சொன்னது. தான் தன் கரையை விட்டு நகரப்போவதில்லை. பிள்ளைகளும் தங்கள் கரையிலேயே உட்காரலாம். பெரிய பாறையில் கரியால் கொட்டை எழுத்தில் எழுதிப் போடும். அவர்கள் அங்கிருந்தே வாசித்தால் போதும். கட்டணம் கிடையாது.

தாய்மார்கள் கூடிப் பேசினார்கள். நரி ஆயிரம்தான் நரி என்றாலும் படித்த நரி என்றார்கள் சிலர். தண்ணீருக்கு அப்பாலிருந்து அதனால் என்ன செய்துவிட முடியும் என்றார்கள் வேறு சிலர். பக்கத்துக் குன்றில் அணில் பிள்ளைகள் எல்லாம் ஏற்கெனவே டியூஷன் போகிறார்கள் என்று யாரோ சொன்னதும் பேச்சு முடிந்துபோனது. மறுநாளே எல்லாக் குட்டிகளையும் முகம் கழுவிக் கொண்டுவந்து கரையில் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து சடைவால், 'சடைவால் சார்' ஆனார். நாமும் மரியாதையாக அப்படியே சொல்வோம்.

சாரின் பாடமுறை எளிமையானது. பாறையில் எழுதுவார். குட்டிகள் உரக்க வாசிக்க வேண்டும். யார் வேகமாக வாசிக்கிறார்களோ அவர்களுக்குக் கைதட்டல். நிறுத்தக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. ஒரு வரி முடிந்ததும், "அடுத்த வரி!" என்பார்.

குட்டிகளில் மின்னல் என்று ஒருவன் இருந்தான். அவன் வாசிக்க ஆரம்பித்தால் மூச்சு விடவே மாட்டான். பாறையில் இருப்பது கதையா, கணக்கா, வானிலை அறிக்கையா என்பதெல்லாம் அவனுக்குத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே ராகம்தான். அவன் வாசித்து முடிக்கும்போது அவனுடைய அம்மா அக்கம்பக்கத்தை ஒரு சுற்றுப் பார்ப்பாள். மற்ற தாய்மார்கள் வேறெங்காவது பார்ப்பார்கள்.

இன்னொருத்தி தவிடி. தவிட்டு நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர். அவள் ஒரு வாக்கியத்தை வாசித்துவிட்டு அங்கேயே நின்றுவிடுவாள். மூக்கு மட்டும் அசையும். எல்லோரும் கடைசி வரியில் இருக்கும்போது அவள் இரண்டாவது வரியில் எதையோ யோசித்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் சார் இப்படி எழுதினார்: 'கோடை வந்தது. குளம் வற்றியது. மீன்கள் அழுதன. கொக்கு மகிழ்ந்தது.'

குட்டிகள் மூச்சுவிடாமல் கத்தி முடித்தார்கள். தவிடி மட்டும் முன்னங்காலைத் தூக்கினாள். குளம் வற்றினால் கொக்குக்கும்தானே தண்ணீர் இல்லை, அது எதற்காக மகிழ வேண்டும் என்று கேட்டாள். சார் பதில் சொல்வதற்குள் அவளே, "ஓ, மீன் ஒளிஞ்சுக்க இடமில்லாமப் போச்சு. அதான் கொக்குக்குக் கொண்டாட்டம்" என்றாள்.

சடைவால் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாறையில் எழுதாததைக்கூட இந்தக் குட்டி படிக்கிறதே!

அன்றைக்கு மாலையே அவர் தவிடியின் அம்மாவை அழைத்தார். குரலில் மிகுந்த வருத்தத்தை வரவழைத்துக்கொண்டார். இந்தப் பிள்ளைக்கு வாசிப்பு வராது, இதனால் மற்ற பிள்ளைகளின் படிப்பும் கெடுகிறது, வீட்டிலேயே வைத்துக்கொண்டு புல் பொறுக்கப் பழக்குங்கள் என்றார். அம்மா தலைகுனிந்து தவிடியைக் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் திட்டினாள். வீட்டுக்குப் போனபின் திட்டுவதை நிறுத்திவிட்டுத் தனியாகப் போய் அழுதாள். தவிடிக்குத் திட்டைவிட அந்த அழுகைதான் அதிகம் வலித்தது.

தவிடி போனபின் சாருக்கு நிம்மதி. ஆனாலும் அவர் எதையும் சோதித்துப் பார்க்காமல் செய்கிற ஆளில்லை. தாய்மார்கள் எல்லோரும் வந்திருந்த ஒரு நாளில், பாறையில் இப்படி எழுதினார்: 'முயல் கறி மிகவும் சுவையானது. மிளகு போட்டால் இன்னும் நன்று.'

மின்னல் எழுந்து நின்றான். வழக்கமான ராகத்தில் ஒரே மூச்சில் வாசித்தான். தாய்மார்கள் அவன் எங்கேயாவது திக்குகிறானா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். திக்கவில்லை. பலமாகக் கைதட்டினார்கள். மின்னலின் அம்மா அக்கம்பக்கத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயைத் துடைத்தார். பிள்ளைகள் தயாராகிவிட்டார்கள்.

மறுநாள் எல்லோரும் தேர்ச்சி பெற்றதாக அறிவித்தார். தாய்மார்களையும் சேர்த்துத் தேர்ச்சி. அதைக் கொண்டாட ஒரு விருந்து என்றும், விவரம் பாறையில் இருக்கிறது என்றும் சொன்னார். ஓடையின் குறுக்கே ஒரு மூங்கிலையும் போட்டு வைத்தார். முயல் நடந்தால் தாங்கும், நரி நடந்தால் முறியும் என்று அவரே எடுத்துச் சொன்னதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சாருக்கு மலைக்கு அப்பால் மூன்று மச்சினன்மார் உண்டு. அவர்களும் அந்தப் பாறை வழியாகத்தான் போய்வருவார்கள். முயல்களுக்கும் மச்சினன்மாருக்கும் தனித்தனியாக எழுதச் சோம்பேறித்தனப்பட்டு, சார் ஒரே அழைப்பாக எழுதிவிட்டார். தன் மாணவர்கள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

பாறையில் இருந்தது இதுதான்:

'பௌர்ணமியன்று முயல் விருந்து. முயல்கள் வெயில் சாய்வதற்குள் வந்துவிட வேண்டும். விருந்தாளிகள் இருட்டியபின் வந்தால் போதும். முயல்கள் நன்றாகக் குளித்துவிட்டு, ஆளுக்கு ஒரு கட்டு கொத்தமல்லியோடு வரவும். விருந்தாளிகள் நல்ல பசியோடு வரவும்.'

முயல் குட்டிகள் இதை ஒரே நாளில் நூறு தடவையாவது வாசித்திருப்பார்கள். மின்னல் கண்ணை மூடிக்கொண்டே ஒப்பித்தான். தாய்மார்கள் அடிவாரத் தோட்டத்தில் புகுந்து கொத்தமல்லி திருடினார்கள்.

தவிடியின் அம்மாவுக்குத்தான் மனசே ஆறவில்லை. ஊரே விருந்துக்குப் போகும்போது தன் வீட்டில் மட்டும் அடுப்பு எரியவேண்டுமா? பௌர்ணமி அன்று மத்தியானம் ஒரு முள்ளங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போய், தங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி சாரிடம் கெஞ்சினாள். சார் தேர்ச்சி பெறாதவர்களுக்கு அனுமதியில்லை என்றார். முழு முயல்கள் இரண்டு கை நழுவிப் போவது அவருக்கும் வருத்தம்தான். ஆனால் பந்தி நேரத்தில் அந்தக் குட்டி முன்னங்காலைத் தூக்கிவிட்டால் என்ன செய்வது?

அம்மா திரும்பி வந்து வளை வாசலில் பொத்தென்று உட்கார்ந்தாள். நீ ஒழுங்காக வாசித்திருந்தால் இன்றைக்கு நமக்கும் விருந்து உண்டு என்று தவிடியைக் குறை சொன்னாள். பிறகு, போகத்தான் கொடுத்துவைக்கவில்லை, என்ன எழுதியிருக்கிறது என்றாவது தெரிந்துகொள்கிறேன், வந்து வாசித்துக் காட்டு என்று அவளை ஓடைக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது.

தவிடி முதல் வாக்கியத்தை வாசித்தாள். நின்றாள்.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. முயலுக்கு வைக்கிற விருந்தும் முயல் விருந்துதான். முயலை வச்சு ஆக்குற விருந்தும் முயல் விருந்துதான். இது எதுன்னு தெரியலையே."

"விருந்துன்னா விருந்துதாண்டி. மேலே படி."

தவிடி படித்தாள். முயல்கள் வெயிலோடு வர வேண்டும், விருந்தாளிகள் இருட்டியபின் வந்தால் போதும் என்ற இடத்தில் மறுபடியும் நின்றாள். இந்த முறை வெகுநேரம் நின்றாள். மூக்கு அசைந்துகொண்டே இருந்தது.

"அம்மா, விருந்தாளிங்க இருட்டின பிறகுதான் வருவாங்க. அப்போ வெயில் இருக்கும்போதே போற முயலெல்லாம் யாரு?"

அம்மா மீதியையும் வாசிக்கச் சொன்னாள், ஆனால் மெதுவாக. குளியல் வந்தது. கொத்தமல்லி வந்தது. விருந்தாளிகள் பசியோடு வரவேண்டும் என்று வந்தது. முயல்களைப் பசியோடு வரச்சொல்லி எங்கும் எழுதியிருக்கவில்லை.

அம்மாவின் காதுகள் இரண்டும் விறைத்து நின்றன. பாறைக்குப் பின்னாலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அந்தப் புகையில் மிளகு வாசனை அடித்தது.

இரண்டு பேரும் மூங்கில் பாலத்துக்கு ஓடினார்கள். அங்கே வரிசை நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் குளித்துப் பளபளவென்று இருந்தார்கள். ஆளுக்கொரு கொத்தமல்லிக் கட்டு. முதல் ஆளாக மின்னல் மூங்கிலில் ஏறிப் பாதி தூரம் போய்விட்டான். அக்கரையில் சடைவால் சார் வாலை ஆட்டியபடி வரவேற்றுக்கொண்டிருந்தார்.

தவிடியின் அம்மா வரிசையை மறித்துக்கொண்டு, போனால் திரும்ப மாட்டீர்கள் என்று கத்தினாள். யாரும் நம்பவில்லை. தனக்குக் கிடைக்காத விருந்து யாருக்கும் கிடைக்கக் கூடாது என்ற வயிற்றெரிச்சல் என்றார்கள். பெயிலான பிள்ளை சொல்வதைக் கேட்டுப் பாஸான பிள்ளைகள் திரும்பிப் போவதா என்று மின்னலின் அம்மா கேட்டாள். அந்தக் கேள்வி பொதுவாக எல்லோருக்கும் பிடித்திருந்தது.

தவிடி பெரியவர்களிடம் வாதாடவில்லை. மூங்கிலின் ஓரத்துக்குப் போய் மின்னலைக் கூப்பிட்டாள்.

"மின்னல், விருந்தாளிங்க எப்போ வருவாங்க?"

"விருந்தாளிகள் இருட்டியபின் வந்தால் போதும்" என்றான் மின்னல், ராகம் மாறாமல்.

"முயலுங்க?"

"முயல்கள் வெயில் சாய்வதற்குள் வந்துவிட வேண்டும்."

வரிசையில் இருந்தவர்கள், பார்த்தாயா, எவ்வளவு சரியாகச் சொல்கிறான் என்றார்கள்.

"பாறையில இருக்கிற மாதிரி சொல்லாதே. இன்னிக்கு நீ என்னென்ன செய்யப்போறேன்னு உன் பேச்சுல சொல்லு பார்க்கலாம்."

மின்னலுக்கு இது புதிது. இதுவரை யாரும் அவனிடம் இப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் தடுமாறினான். வாழ்க்கையில் முதன்முறையாகத் திக்கினான்.

"நான்... நான் குளிச்சேன். வெயிலோட அந்தப் பக்கம் போறேன். கொத்தமல்லியை சார்கிட்ட கொடுப்பேன். அப்புறம் இருட்டும். அப்புறம் விருந்தாளிங்க வருவாங்க. அவங்களுக்கு நல்ல பசியா இருக்கும். அவங்க வந்து..."

மூங்கில் லேசாக ஆடியது.

"அவங்க வந்து எதைச் சாப்பிடுவாங்க?" என்று தவிடி கேட்டாள்.

சடைவால் சார் அவசரமாகக் குறுக்கிட்டார். நேரமாகிறது, பேசிக்கொண்டு நிற்காதீர்கள் என்றார். "அடுத்த வரி! அடுத்த வரி!" என்று பழக்கதோஷத்தில் கத்தினார்.

மின்னல் சாரைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் அண்டா கொதித்தது. கையிலிருந்த கொத்தமல்லியைப் பார்த்தான். பிறகு குளித்துச் சுத்தமாக இருந்த தன் வயிற்றைப் பார்த்தான்.

"அம்மா!" என்று அலறிக்கொண்டு திரும்பினான். திரும்பிய வேகத்தில் கால் வழுக்கியது. சார் முட்டி வலியை மறந்து ஒரே தாவாகத் தாவி மூங்கிலில் காலை வைத்தார். அது அவர் சொன்னபடியே முறிந்தது. அந்த விஷயத்தில் அவர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். மின்னல் இந்தப் பக்கத்து முனையைப் பற்றிக்கொண்டு தொங்க, தவிடியும் அவன் அம்மாவும் காதைப் பிடித்து அவனைக் கரைக்கு இழுத்தார்கள். சாரை ஓடை கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போய் ஒரு முள் புதரில் விட்டது.

இருட்டியதும் மச்சினன்மார் வந்தார்கள். அழைப்பில் இருந்தபடி நல்ல பசியோடு வந்தார்கள். அண்டாவில் மிளகுத் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. பக்கத்தில் நனைந்துபோன மாப்பிள்ளை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலை தாண்டி வந்தவர்களுக்குக் கோபம் வருமா, வராதா? அவர்கள் அவரைத் தின்னவில்லை. கிழட்டு நரியின் கறி வேகாது என்பதுதான் காரணம். ஆனால் கடித்த கடியில் சார் விடிவதற்குள் அந்தக் காட்டையே காலி செய்துவிட்டார். வேறு காட்டில் வேறு பெயரில் டியூஷன் நடத்துவதாகக் கேள்வி.

இக்கரையில் அன்று ஆளுக்கொரு கட்டு கொத்தமல்லியைத் தின்றுவிட்டு எல்லோரும் படுத்தார்கள். யாருக்கும் தூக்கம் வரவில்லை. மின்னலின் அம்மா விடிந்ததும் தவிடியின் வளைக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். ஆனால் அந்த வார்த்தை அவள் வாயில் வரவில்லை. தன் மகனையும் தவிடியோடு உட்கார்ந்து படிக்க வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டாள். தவிடியின் அம்மா அவளைக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு, பிறகு உள்ளே கூப்பிட்டாள்.

இப்போதெல்லாம் இந்தக் கரையில் குட்டிகள் எதை வாசித்தாலும், வாசித்து முடித்ததும் அதைத் தங்கள் சொந்தப் பேச்சில் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். அம்மாக்கள் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்கிறார்கள். சில கேள்விகள் மகா அபத்தமாக இருக்கின்றன. நேற்று மின்னல் ஒரு பக்கக் கதையை வாசிக்க ஒரு பொழுது முழுவதும் எடுத்துக்கொண்டான். நடுவில் நான்கு இடத்தில் நின்றான், இரண்டு தடவை திரும்பிப் போய்ப் பார்த்தான், ஒரு தடவை சிரித்தான். அவன் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பையன் நன்றாகப் படிக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

எழுத்தை வேகமாக வாசிப்பது படிப்பல்ல. அது என்ன சொல்கிறது என்று நின்று யோசித்து, நம் சொந்தச் சொல்லில் திருப்பிச் சொல்ல முடிந்தால்தான் அது படிப்பு.