கரடியின் நெஞ்சில் நுரை வழிந்த கதை

அந்தக் காலத்தில் மிருகங்களும் பூச்சிகளும் ஒரே பேச்சைப் பேசின. கரடிக்கு அப்போது நெஞ்சும் கறுப்பு, வாய் நிறையப் பல். மலையடிவாரத்தில் சடைச்சி என்றொரு கரடி இருந்தாள். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவள். தேனடை இருக்கும் மரத்தை ஒரே நாளில் மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அவள் மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஐந்தாம் நாள் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வருகிறவர்களுக்குப் புளித்த இலுப்பைப்பூச் சாறு ஊற்ற வேண்டும். அது இல்லாமல் கரடிகள் பெண் எடுப்பதில்லை. பூக்காலமோ முடிந்துவிட்டது. சடைச்சி உலர்த்தி வைத்திருந்த பூ ஒரு பானைக்குத்தான் வந்தது. எல்லாருக்கும் போதாமல் போய்விடுமோ என்று பயந்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி ஊறவைத்தாள்.

மறுநாளே நுரை பொங்கி வழிந்தது. வாசம் காடெல்லாம் போயிற்று. மரநாய் இரண்டு தரம் அந்தப் பக்கம் வந்து, கல்யாண வேலை எப்படி என்று விசாரித்துவிட்டுப் போனது. அதற்குமேல் சடைச்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பானை வாயைப் பூசி அடைக்க, பக்கத்துப் புற்றில் கரையானிடம் மண் கேட்டாள்.

கரையானுக்கும் கரடிக்கும் அன்று பகையில்லை. குழைத்த மண்ணைக் கொடுத்துவிட்டுக் கரையான் சொன்னது: "அக்கா, சாறைக் கொஞ்சம் மொண்டுடு. நுரைக்கு நாலு விரல் இடம் வேணும். மேலே ஒரு துளையும் விடு. எங்க புத்தைப் பாரு, இத்தனை பேர் மூச்சு விட வழி வெச்சுத்தான் கட்டியிருக்கோம்."

"உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவே. துளை விட்டா மரநாய் மூக்கை விடும். மூக்கு விட்டது வாயை விடாதா?"

ஒரு சொட்டும் மொள்ளாமல், ஊசி நுழைய இடமில்லாமல் பூசி, மேலே தட்டைக் கல்லை வைத்தாள். மூன்றாம் நாள் பானை முனகியது. நான்காம் நாள் மண் கீறல் விட்டு 'உஸ்' என்றது. அதையும் பூசினாள்.

ஐந்தாம் நாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் ஓடையைத் தாண்டும்போது கல் ஆட ஆரம்பித்தது. சடைச்சி ஓடிப்போய்ப் பானையை நெஞ்சோடு அணைத்து, கல்லை முகவாயால் அழுத்தினாள். பானை வெடித்தது. கல் மேல்வரிசையில் இரண்டு முன்பற்களைக் கொண்டுபோயிற்று. நுரை கழுத்தின் இருபுறமும் வழிந்து நெஞ்சில் வந்து கூடியது. ஓடையில் எவ்வளவு தேய்த்தும் அந்த வெள்ளை போகவில்லை.

மாப்பிள்ளையின் தாய் ஓடுகளைப் பார்த்தாள். அடுத்த பூவுக்கு வருகிறோம் என்று சொல்லித் திரும்பிவிட்டாள். மகள் ஓடுகளைப் பொறுக்கினாள்.

சடைச்சி நேரே புற்றுக்குப் போனாள். "உன் மண்ணாலதான் என் மக கல்யாணம் நின்னுது."

"மண் மோசமா இருந்தா வெடிச்சிருக்காதே அக்கா," என்றது கரையான். "விரிசல் விட்டுக் காத்துப் போயிருக்கும்."

சடைச்சி புற்றின் துளையில் வாயை வைத்துக் கோபமெல்லாம் தீர ஊதினாள். பிறகு மூச்சை உள்ளே இழுத்தாள். பல் போன சந்து வழியாகக் கரையானும் அதன் கூட்டமும் உள்ளே போயின. ருசியாகத்தான் இருந்தன.

அடுத்த பூவுக்கு நாலு விரல் இடம் விட்டு, பானை வாயில் இலையைத் தளர்வாகக் கட்டினாள். கல்யாணம் நடந்தது. கரையான்கள் வரவில்லை.

அன்று முதல்தான் கரடிக்கு நெஞ்சில் வெள்ளை, மேல்வரிசையில் இரண்டு பல் குறைவு, புற்றைக் கண்டால் ஊதி உறிஞ்சும் பழக்கம். துளையை அடைத்துவிட்டால் கரையான் தப்பித்துவிடலாம். ஆனாலும் அந்தப் பானையை நினைத்து இன்றுவரை அது அடைக்கவில்லை.