நூற்று எண்பது லிட்டர்

குணவதிக்கு வயது முப்பத்தொன்பது. அவரிடம் பாடம் கேட்க வந்த கோதண்டபாணிக்கு ஐம்பத்தெட்டு. சர்க்யூட் போர்டு ஆலைகளில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆலைகள் மண்ணையும் தண்ணீரையும் என்ன செய்கின்றன என்று மதிப்பிட்டுச் சொல்வது குணவதியின் தொழில். அதைக் கற்றுக்கொள்ளாமல் சாகக்கூடாது என்று கோதண்டபாணிக்குத் தோன்றிவிட்டது. தேடி வந்து சேர்ந்துகொண்டார்.

கூவனேரி ஊருக்குப் பக்கத்தில் இருந்த போர்டு ஆலை, இரண்டு மடங்கு பெரிதாக வளர அனுமதி கேட்டிருந்தது. ஊர் குடிக்கிற நிலத்தடி நீரைத்தான் ஆலையும் உறிஞ்சியது. அனுமதி தரலாமா என்று ஆராயும் குழு, குணவதியிடம் அறிக்கை கேட்டது.

கோதண்டபாணி நான்கே நாளில் அறிக்கையின் அட்டவணையை நிரப்பிக்கொண்டு வந்து நின்றார்.

“சதுர மீட்டர் போர்டுக்கு நூற்று எண்பது லிட்டர் தண்ணீர். இதன்படி பார்த்தா ஊருக்குப் பெரிய பாதிப்பு இல்லை மேடம்.”

“நூற்று எண்பதை யார் அளந்தது?”

“உலகம் பூரா பயன்படுத்துற தரவுத்தளத்தில் இருக்கு.”

“யார் அளந்ததுன்னு கேட்டேன் சார்.”

அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. “எந்தத் தரவை நம்பலாம், எதை நம்பக்கூடாதுன்னு ஒரு பட்டியல் கொடுங்களேன். மனப்பாடமே பண்ணிடுறேன்.”

“அந்த எண் வந்த வழியிலேயே திரும்பி நடந்துட்டு வாங்க” என்றார் குணவதி. பாடம் அவ்வளவுதான்.

கோதண்டபாணி நடந்தார். தரவுத்தளம் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் காட்டியது. கட்டுரை, உற்பத்தியாளர் சங்கத்தின் பழைய அறிக்கையைக் காட்டியது. அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ‘உறுப்பினர் ஆலை ஒன்று நிரப்பிய படிவம்’ என்று இருந்தது. சங்கத்துக்கு எழுதினார். போன் செய்தார். மூன்றாவது வாரம் படிவத்தின் நகல் வந்தது.

அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். அது அவருடைய கையெழுத்து.

அதை எடுத்துக்கொண்டு போய் குணவதியின் மேஜையில் வைத்தார். உட்காரவில்லை.

குணவதி படித்துவிட்டுக் கேட்டார். “அன்னைக்குத் தண்ணி மீட்டர் ஓடிச்சா?”

“இல்லை. ரிப்பேர். ரெண்டு வருஷமா.”

“அப்போ எதை வச்சு எழுதினீங்க?”

“மேனேஜர் முகத்தை வச்சு.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். குணவதி அட்டவணையைத் திறந்து நூற்று எண்பதை அழித்தார். கட்டம் வெள்ளையாக நின்றது.

“வாங்க, கூவனேரிக்குப் போவோம்.”

ஆலை வாசலில் மீட்டர் கணக்கைக் கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் எழுத்தில் கேட்டார்கள். பதில் வரவில்லை. மறுபடி நேரில் போனார்கள். காவலாளி கேட்டைத் திறக்கவே இல்லை. எதிரே டீ கடை வைத்திருந்த பேச்சியம்மாள் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். “இருநூறு அடியில தண்ணி இருந்துச்சு. இப்ப அறுநூத்தம்பதுக்குப் போர் போட்டும் சேறுதான் வருது” என்றார்.

“எழுதிக்குங்க சார்” என்றார் குணவதி. “யார் சொன்னது, என்னைக்குச் சொன்னது, ரெண்டையும் சேர்த்து. கிணறு போட்டவரையும் போய்ப் பார்த்துக் கேட்டு எழுதணும்.”

எல்லாம் எழுதியானது. தண்ணீர்க் கட்டத்தில் மட்டும் எண்ணுக்குப் பதிலாக ஒரு வரி: ‘மூன்று முறை கேட்டோம். ஆலை தரவில்லை.’

குழுவுக்கு அனுப்பிய மறுவாரம், ஆலை அதிகாரி திலீபன் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“இருபது நாட்டு அறிக்கையில நூற்று எண்பதுதான் இருக்கு. பெரிய பெரிய விஞ்ஞானிங்க ஒத்துக்கிட்ட நம்பர். அதை வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு?”

குணவதி வாய் திறக்கும் முன் கோதண்டபாணி எழுந்துவிட்டார். வேலை பார்த்த காலம் முழுக்க ஓர் அதிகாரி முன்னால் அவர் குரல் உயர்ந்ததில்லை.

“அந்த நம்பரைப் பெத்தவன் நான்” என்றார். “அளக்காம எழுதினேன். என் பேரைப் போட்டே எழுதிக் கொடுக்கிறேன், எந்த நாட்டுக்கு வேணும்னாலும் அனுப்புங்க. உங்க மீட்டரைக் காட்டாம இந்தக் கட்டத்துல ஒரு எண்ணும் ஏறாது.”

“குழு இதை ஏத்துக்காது” என்றார் திலீபன்.

“அதைக் குழு சொல்லட்டும்” என்றார் கோதண்டபாணி.

குழுவும் சொல்லிவிட்டது. பத்தாம் நாள் அறிக்கை திரும்பி வந்தது. மேல் உறையில் சிவப்பு முத்திரை: ‘முழுமையற்றது.’

கோதண்டபாணி அதைக் குணவதியின் மேஜையில் வைத்தார்.

“ஒரே ஒரு கட்டம் மேடம். அதுக்காக எல்லாத்தையும் தள்ளிட்டாங்க. ஏதாவது ஒரு எண்ணைப் போட்டிருந்தா, மத்த பக்கமாவது படிச்சிருப்பாங்களே. இப்ப என்ன பண்றது?”

குணவதி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

“அந்தக் கட்டத்து வரியில மூணை நாலா மாத்தணும். வாங்க, கேட்டுட்டு வந்து மாத்துவோம்.”