குரைக்க ஆளில்லாத நாய்

ஒரு காட்டில், மரமெல்லாம் நனைந்து ஒழுகிய ஓர் ஐப்பசி மாதத்தில், ஆற்று வெள்ளத்தில் ஒரு நாய் அடித்து வரப்பட்டது.

கழுத்தில் கயிறு. கயிற்றின் மறுமுனையில், அதைக் கட்டிப்போட்டிருந்த முளைக்குச்சி. கரையில் நின்ற மந்தாரை என்னும் எருமை தண்ணீரில் இறங்கி, கயிற்றைக் கொம்பில் மாட்டி இழுத்து, நாயைக் கரை சேர்த்தது. ஒரு காட்டெலி கயிற்றைக் கடித்து அறுத்தது.

நாய் நல்ல நாய்தான், பிள்ளைகளே. மந்தாரையின் காலடியில் படுத்துக்கொள்ளும். முயல் குட்டிகள் முதுகில் ஏறி மிதித்தாலும் பேசாமல் கிடக்கும். ஆனால் இன்னொரு நாயைக் கண்டால் போதும். பிடரி மயிர் சிலிர்க்கும், பல் வெளியே வரும், காடு அதிரும். அது பார்க்கிற பார்வையைப் பார்த்தே எல்லோரும் அதற்கு முறைப்பன் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தக் காட்டில் வேறு மூன்று நாய்கள் இருந்தன. சிட்டாள் என்ற பெண் நாயும் அதன் தம்பிகள் இருவரும். எந்த வம்புக்கும் போகாதவை. அவை குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் முறைப்பன் துரத்தியது.

"ஏண்டா இப்படிப் பண்றே? அதுங்க உன்னை என்ன பண்ணிச்சு?" என்று மந்தாரை கேட்டது.

"பண்றதுக்குள்ள நான் முந்திக்கணும்ல," என்றது முறைப்பன். "அக்கரையில என்னைக் கட்டிப்போட்டிருந்தாங்க. தெரு நாய்ங்க கூட்டமா வந்து கடிக்கும். என்னால ஓட முடியாது. பெருசாக் குரைச்சா சில சமயம் போயிடும். வேற என்னதான் செய்யச் சொல்றே?"

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? கரடி வந்து நின்றது. கரடிக்குத் தெரியாதது ஒன்றுமே கிடையாது. அதுதான் அதனிடம் இருந்த கெடுதல்.

"பழக்கம் இல்லாததுதான் குறை," என்றது கரடி. "இவனையும் சிட்டாளையும் எதிரெதிரே உட்கார வைங்க. முகத்தை முகம் பார்க்கட்டும். எல்லாம் சரியாயிடும்."

பெண் பார்க்கிற மாதிரியே ஏற்பாடு நடந்தது. வாழை இலை விரித்து, நடுவில் தேனடை வைத்து, முறைப்பன் ஒரு பக்கம், சிட்டாள் ஒரு பக்கம். குரங்குகள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "பையன் வெட்கப்படறான் பாரு," என்றன. முறைப்பன் நடுங்குவது ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போம்மா," என்று கரடி சிட்டாளைப் பின்னாலிருந்து தள்ளியது.

மூக்கோடு மூக்கு இடித்தது. அடுத்த நொடி இலை கிழிந்தது, தேன் கொட்டியது, சிட்டாளின் காதில் ரத்தம். குரங்குகள் மரத்தின் மேல் இருந்தன. கரடி கொட்டிய தேனை நக்கியபடியே, "பையன் சரியில்லை," என்றது.

விஷயம் யானைத் தலைவியின் காதுக்குப் போனது. "குளம் பொதுக் குளம்," என்றது யானை. "நிலா முழுசா ஆனதும் வருவேன். அப்பவும் ஒரு நாய் இன்னொரு நாயைத் துரத்தினா, அது எந்தக் கரையிலிருந்து வந்ததோ அந்தக் கரையிலேயே கொண்டுபோய் விட்டுடுவேன்."

மந்தாரை ஆற்றைத் திரும்பிப் பார்த்தது. அந்தக் கரையில் வேறு கயிறு காத்திருக்கும்.

அப்போது புதருக்குள்ளிருந்து முள்ளம்பன்றி பேசியது. அது யார் பக்கத்திலும் போகாது. யாரும் அதன் பக்கத்தில் போவதும் இல்லை.

"மந்தாரை, என் முள்ளு எப்ப நிக்கும் தெரியுமா?"

"கோபம் வந்தா."

"கோபமும் இல்லை, ஒண்ணும் இல்லை. எவனாவது கிட்ட வந்தா நிக்கும். அவன் போயிட்டாத் தானாப் படுத்துக்கும். 'போ, போ'ன்னு சொல்றதுதான் முள்ளோட வேலை. உன் பையன் குரைக்கிறதும் அதுக்குத்தான். அவன் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே அதுங்க போயிட்டா, யாரைப் பார்த்துக் குரைப்பான்?"

"போயிட்டா எப்படிப் பழக்கமாகும்?" என்று கரடி சிரித்தது.

"நீ தேனை நக்கு," என்றது முள்ளம்பன்றி.

மந்தாரை சிட்டாளிடம் போனது. சிட்டாள் காதைத் திருப்பிக் காட்டியது. "பார்த்தேன்," என்றது மந்தாரை. "கிட்ட வரச் சொல்லலை தாயி. தூரத்துல நில்லு. அவன் பார்த்ததும் திரும்பிப் போயிடு."

"திரும்பிப் போறதுதானே? அதை என் தம்பிங்க ரொம்ப நல்லாச் செய்வானுங்க."

மறுநாள் மூன்று நாய்களும் தொலைவில் ஒரு நாவல் மரத்தடியில் வந்து நின்றன. முறைப்பன் எழுந்தது. மயிர் சிலிர்த்தது. வாய் பாதி திறந்தது. அதற்குள் மூன்றும் திரும்பிப் போய்விட்டன.

பாதித் தொண்டையில் நின்ற குரைப்பை முறைப்பன் விழுங்க முடியாமல் இருமியது.

"நாய்க்குச் சளி," என்றது கரடி.

தினமும் இதுவே நடந்தது. நாய்கள் வரும், முறைப்பன் பார்க்கும், நாய்கள் போகும். சிலிர்த்த மயிர் சீக்கிரம் படிந்தது. பிறகு சிலிர்க்கவே மறந்தது. நாய்கள் நாவல் மரத்தை விட்டுப் புங்க மரத்துக்கும், புங்க மரத்தை விட்டுக் குளக்கரைக்கும் நெருங்கி வந்தன. முறைப்பன் தலையைத் திருப்பினால் போதும், போய்விட்டன.

"நான் பார்த்தாலே போயிடுதுங்க," என்று முறைப்பன் பெருமையாகச் சொன்னது. "குரைக்கிறதுக்கு எனக்கு நேரமே இல்லை."

பெருமை சில நாள்தான். பிறகு வேறொன்று அரிக்கத் தொடங்கியது. எங்கே போகிறார்கள்? அங்கே அப்படி என்ன இருக்கிறது? சிரிப்புச் சத்தம் வேறு கேட்கிறதே?

நிலா முழுசாகிற அன்று மாலை நாய்கள் வரத் தாமதமாயிற்று. முறைப்பன் எழுந்து நின்று பாதையைப் பார்த்தது. உட்கார்ந்தது. மறுபடி எழுந்தது. கடைசியில் மூன்றும் வந்தன, வழக்கம்போல் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பின.

"ஏய், எங்கே போறீங்க? நான்தான் ஒண்ணுமே சொல்லலையே," என்று முறைப்பன் பின்னாலேயே ஓடியது.

சிட்டாள் நிற்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. "நடந்துக்கிட்டே பேசு," என்றது. "அந்தக் காதுப் பக்கம் வராதே, இன்னும் வலிக்குது. இந்தப் பக்கமா வா."

முறைப்பன் இந்தப் பக்கம் வந்தது. கொஞ்ச தூரம் இடைவெளி விட்டு நடந்தது. பிறகு இடைவெளியை மறந்துவிட்டது. சின்னத் தம்பி குதித்தது, முறைப்பனும் குதித்தது, நான்கும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடின.

அந்த நேரம் பார்த்து யானைத் தலைவி வந்தது. "எங்கே அந்தச் சண்டைக்கார நாய்?"

"அதோ, அந்த நாலுல ஒண்ணு," என்றது மந்தாரை.

யானை கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. புழுதிக்குள் நான்கு வால்கள் ஆடின. "எது?"

"நீங்களே கண்டுபிடிங்க," என்றது மந்தாரை.

யானை வெகுநேரம் பார்த்தது. பிறகு தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டது.

நீதி: பயந்தவனைக் கிட்டே தள்ளாதே, போதிய இடம் கொடு, அவனே உன் பக்கத்தில் வந்து நடப்பான்.