பதினோராவது நிமிடத்து மூச்சு

குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடருக்கு அறுபத்தொன்று. கோயம்புத்தூரில் இப்படியும் நடக்கும்.

குருவின் பெயர் மெர்சி. காந்திபுரத்தில் ஒரு காது பரிசோதனை மையத்தில் வேலை. சீடர் சென்னியப்பன், பாலிடெக்னிக்கில் வரைபடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எழுநூறு இசைத்தட்டுகள் வைத்திருந்தார். அதில் சினிமாப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. முக்கால்வாசி ப்ரோக்ரஸிவ் ராக். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு ஓடும். பாடுகிறவர் வாயைத் திறக்கவே எட்டு நிமிடம் ஆகும். மிச்சமெல்லாம் பரிசோதனை இசை. அதில் பாடுகிறவரே இருக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் ஏழெட்டுப் பேர் அவர் வீட்டு மாடியில் கூடுவார்கள். யாராவது ஒரு தட்டு கொண்டுவருவார்கள். ஒரு பக்கம் முடியும்வரை யாரும் பேசக் கூடாது. முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். மெர்சி மட்டும் பேசமாட்டார். ஒருமுறை சண்டை முற்றிப்போய், "நீ சொல்லும்மா, இது இசையா இல்லையா?" என்று அவரிடம் கேட்டார்கள்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

அன்றிலிருந்து அவர் குரு. முதலில் கேலிக்குத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

ஒரு வியாழக்கிழமை மதியம் சீடர் காது மையத்துக்கு வந்தார். ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். சாப்பாட்டு நேரம், வேறு யாரும் இல்லை.

"என்னங்க சார், காது கேட்கலைங்களா?" என்றார் குரு.

"கேட்டதுதானுங்க பிரச்சனை" என்றார் சீடர்.

பையிலிருந்து ஒரு தட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். வெறும் சாம்பல் நிற அட்டை. எழுத்தில்லை, படமில்லை.

குருவுக்கு அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஞாயிறு கூட்டத்தில் அது தெரியாதவர் யார்? ஜெர்மனியில் மூன்று பேர் ஒரு காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து பதிவு செய்தது. முன்னூறு தட்டுகள்தான் போட்டார்கள். சென்னியப்பன் பத்தொன்பது வருடமாக அதைத் தேடிக்கொண்டிருந்தார். தன்னிடம் இல்லையே தவிர, கேட்டிருக்கிறேன் என்பார். இரண்டாவது பக்கத்தில் பதினோராவது நிமிடம் எல்லாச் சத்தமும் நின்றுபோகும், ஒரு பெண் மூச்சு விடுவது மட்டும் கேட்கும் என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். கேட்பவர்களுக்கும் உடம்பு சிலிர்க்கும். கூட்டத்தில் யாருக்காவது ஒரு ஆல்பம் ரொம்பப் பிடித்துவிட்டால், "இதுலயும் மூச்சு வருதுங்க" என்று சொல்கிற அளவுக்கு அது பழகிவிட்டது.

"இதுதானுங்களா அது?" என்றார் குரு.

"நேத்து பார்சல் வந்துச்சு. மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன்."

"ம்."

"மூச்சு இல்லைங்க."

குரு அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் பாத்துட்டேன். பொண்ணே இல்லை. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கிரைண்டர் ஓடற மாதிரி ஒரே 'உம்'முனு ஓடுது. நடுவுல எதுவோ உருளுது."

"இதுக்கு முன்னாடி எங்கீங்க சார் கேட்டீங்க?"

சீடர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"கேட்டதில்லைங்க" என்றார்.

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட இல்லை. ஏதோ பத்திரிகையில ரெண்டு வரி படிச்சேன். அதுல மூச்சு இருந்துச்சா, நானா நினைச்சுக்கிட்டேனான்னு இப்பத் தெரியலை. ஆனா எனக்குக் கேக்கும் குருவே. பஸ்ல போறப்பகூடக் கேக்கும்."

பிறகு அவர் வெள்ளிங்கிரியைப் பற்றிச் சொன்னார். வெள்ளிங்கிரி நூல் மில்லில் ஃபிட்டர். பீளமேட்டில் நூல் சுற்றும் ஐந்நூறு ஸ்பிண்டில் ஓடுகிற கொட்டகையில் கண்ணை மூடி நின்று, எந்த ஸ்பிண்டிலில் கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவர். இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் பெங்களூருக்குப் போய்ப் பழைய தட்டுக் கடைகளில் நாள் முழுக்கக் குந்தியிருந்து தேடியவர்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, சென்னியப்பன் இந்தத் தட்டைத் தேட ஆரம்பித்த புதிதில், மெஷின் பயிற்சிக்காக மில் அவரை ஜெர்மனிக்கு அனுப்பியது. அங்கே யாரோ இந்தத் தட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்து, பத்துப் பேர் இருந்த இடத்தில், "சென்னி, அது வெறும் இரைச்சல்டா" என்றார்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? மில்லுல செத்துப்போன காதுக்கு எல்லாம் இரைச்சலாத்தான் இருக்கும்னுட்டேன்."

குரு நிமிர்ந்து பார்த்தார்.

"எந்திரிச்சுப் போனவன்தான். அப்புறம் பேச்சே இல்லை. அவன் இல்லாம ஸ்கூட்டர் எடுத்துட்டு எங்கேயும் போகவே பிடிக்கலை. வித்துட்டேன்."

"இப்ப என்னங்க சார்?"

"தட்டு வந்த சந்தோஷத்துல, போட்டுக் கேக்கறதுக்கு முந்தியே எல்லாருக்கும் சொல்லித் தொலைச்சுட்டேன். நம்ம கூட்டத்துச் சம்பத் வெள்ளிங்கிரியைப் போய்ப் பாத்துக் கூப்பிட்டிருக்கான். ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டானாம்." சீடர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உடைஞ்சு வந்துருச்சுன்னு சொல்லிரட்டுங்களா?"

குரு எழுந்து, வெளிச்சத்தம் புகாத கண்ணாடி அறையின் கதவைத் திறந்தார்.

"உள்ள வந்து உக்காருங்க சார்."

"எனக்குக் காது நல்லாத்தானுங்க இருக்குது."

"உக்காருங்க."

சீடர் உட்கார்ந்தார். குரு அவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டினார். கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். கீச்சென்று மெல்லிசாகச் சத்தம் வரும், எவ்வளவு மெல்லிசாக வந்தாலும் அழுத்த வேண்டும் என்றார். கதவைச் சாத்திவிட்டு வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.

சீடர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அழுத்தினார். மறுபடி கேட்டார், அழுத்தினார். போகப்போகச் சத்தம் குறைந்துகொண்டே போனது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எதையும் விட்டுவிடக் கூடாது என்று அவருக்கு வைராக்கியம் வந்துவிட்டது. எழுநூறு தட்டு கேட்ட காது அல்லவா.

குரு கதவைத் திறந்தார்.

"எப்படிங்க?" என்று சீடர் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"காது நல்லா இருக்குதுங்க சார். ஆனா கடைசி ரெண்டு நிமிஷம் நான் எந்தச் சத்தமும் அனுப்பலை. நீங்க ஏழு தடவை அழுத்துனீங்க."

சீடரின் முகம் சிவந்துவிட்டது. "பொய்யா அழுத்துனேங்கறீங்களா?"

"இல்லைங்க. உங்களுக்குக் கேட்டிருக்கும்."

"அப்ப சத்தம் வந்துச்சு?"

"வரலைங்க."

"வராத சத்தம் எப்படிங்க கேக்கும்?"

"தினமும் பாக்கறேன் சார். ஏனோதானோன்னு உக்காந்திருக்கறவங்க அப்படி அழுத்த மாட்டாங்க. வரும் வரும்னு காத்திருக்கறவங்கதான் அழுத்துவாங்க."

சீடருக்கு இது திட்டா, பாராட்டா என்று தெரியவில்லை. கழற்றிய ஹெட்ஃபோனை மடியில் வைத்துக்கொண்டார். வந்தபோது இருந்த குழப்பம் ஒன்று. இப்போது இரண்டாகிவிட்டது.

"எனக்குக் கேட்டது நிஜம்னா, நான் சொன்னது பொய்யில்லை. சத்தம் வரலைன்னா, நான் சொன்னது பொய். இதுல எதுங்க?"

"ரெண்டும்தானுங்க சார்."

"அதெப்படி?"

குரு ஹெட்ஃபோனை வாங்கிக் கொக்கியில் மாட்டினார். சீடர் எழுந்து வெளியே வந்தார். மேசைமேல் இருந்த சாம்பல் அட்டையைக் கையில் எடுத்தார்.

"இந்தக் கதையெல்லாம் எனக்கு வேண்டாமுங்க. இங்க ப்ளேயர் இருக்குதுங்களா? இப்பவே போட்டுக் கேட்டுட்டு ஒரே வார்த்தை சொல்லுங்க. இது நல்ல ஆல்பமா, இல்லையா?"

"ஞாயித்துக்கிழமை எல்லாரோடயும் சேர்ந்து கேட்டுக்கறேன்."

"அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். நல்ல ஆல்பம்னா வெள்ளிங்கிரி சொன்னது தப்பு. மோசம்னா நான் சொன்னது தப்பு. அவன் வந்து என் எதுக்க உக்காரப் போறான். நான் எந்தப் பக்கம் நிக்கறதுன்னே தெரியலை." அட்டையை மறுபடி மேசைமேல் வைத்தார். "என்ன சொல்லி அவன் மூஞ்சியில முழிக்கறது?"

குரு அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். சீடர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அன்னைக்கு வெள்ளிங்கிரி சார் என்ன சொன்னாருங்க?"

"இரைச்சல்னு சொன்னான். சொன்னேனே."

"வேற?"

"வேற எதுவும் சொல்லலை. நான்தான் அதுக்குள்ள அந்த வார்த்தையைச் சொல்லிட்டனே."

"இந்த ஊர்ல அதுக்கு முன்னாடி இந்தத் தட்டைக் கேட்டவங்க வேற யாராச்சும் இருந்தாங்களா?"

"அவன் ஒருத்தன்தான்."

"நீங்க தேடிட்டு இருந்த தட்டு."

"ஆமாங்க."

"சத்தத்தை வெச்சே கோளாறைச் சொல்றவருங்க. எந்த மாதிரி இரைச்சல்னு அவர்கிட்டக் கேட்டீங்களா, சார்?"